அடியில் எழுதாதே

நொட்டை அக்கா என்று சொன்னால்தான் எங்கள் ஆபீசில் ஆளைத் தெரியும். சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி. குடை வாங்கப் போனால், கடைக்காரர் முகம் கடுகடுவென்று ஆகும்வரை திறந்து மூடித் திறந்து பார்ப்பாள். எந்தக் கம்பி சிக்குகிறது என்று கண்டுபிடித்த பிறகு அதே குடையை வாங்கிக்கொண்டு வருவாள். "எங்க உடையும்னு தெரிஞ்சாத்தான் அது என் பொருள்" என்பாள். யாராவது ஆசையாகக் கைக்குழந்தையைக் காட்டினால்கூட, "கழுத்து இன்னும் நிக்கலையே" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வாள். எனக்கு அவளைப் பிடிக்கும். எனக்கும் வாய் சும்மா இருக்காது. அடுத்தடுத்த நாற்காலி வேறு.

எங்கள் கம்பெனி செய்வது கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டர். நிஜ இயந்திரம் ஒன்றுதான். அதற்குள் பல பொய் இயந்திரங்கள், தாங்களும் நிஜம்தான் என்று நம்பிக்கொண்டு ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஸ்க் வேண்டுமே. அதுவும் பொய்தான், வெறும் ஒரு கோப்பு. முழு டிஸ்க்கும் அந்த ஒரு கோப்புக்குள் அடக்கம். டிஸ்க் இமேஜ் என்போம். அக்காவின் வேலை அந்த இமேஜ்களைப் பாடாய்ப் படுத்துவது. இழுத்துப் பெரிதாக்குவாள், அமுக்கிச் சிறிதாக்குவாள், இயந்திரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டைப் பிடுங்குவாள். எதையும் கையால் செய்வதில்லை, எல்லாவற்றுக்கும் புரோகிராம் எழுதி வைத்திருக்கிறாள். சாயந்திரம் நாங்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் சோதனைகள் தாமாகவே ஆரம்பிக்கும். காலையில் வந்தால் திரையில் வரிசையாகப் பச்சை இருக்கும், நடுவில் எங்காவது சிவப்பு இருக்கும். சிவப்பைப் பார்த்தால் அக்காவுக்கு முகம் மலர்ந்துவிடும்.

இதில் ஒரு சட்டம் உண்டு. மூல இமேஜை யாரும் நேராகத் தொடக்கூடாது. படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து அதில் கிறுக்குவோம் இல்லையா, அதுபோல மூலத்தின் மேல் ஒரு தாள். இயந்திரம் எழுதுவதெல்லாம் அந்த மேல்தாளில் போகும். சோதனை முடிந்ததும் மேல்தாளைத் தூக்கிப் போட்டுவிடுவோம். அடியில் இருப்பது எழுத்துப் பிசகாமல் இருக்கும். மறுநாள் அதே இயந்திரம் எதுவுமே நடக்காதது போல மறுபடி எழும். "அடியில் எழுதாதே" என்பது அக்கா வாயில் ஓயாமல் வரும் வாக்கியம். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டுவதற்கு முன்பு அதைத்தான் சொல்வாள்.

அடி இமேஜ்களுக்குச் செல்லப் பெயர் வைத்திருந்தோம். ஒன்றுமே இல்லாதது வெறும்பயல். ராட்சச அளவில் இருந்தது தொந்தி. வேண்டுமென்றே கெடுத்து வைத்தது நொறுங்கல். இவற்றோடு தம்பி என்று ஒன்று. அந்தப் பெயரை வைத்தது அக்கா. மற்றவை நாங்களே செய்த சுத்தமான டிஸ்க்குகள். தம்பி மட்டும் யாரோ நிஜமாகவே புழங்கிய டிஸ்க். பாதி அழித்த கோப்புகள், ஆயிரக்கணக்கில் எழுத்துருக்கள், முடிக்காத டிசைன்கள் என்று அடைசலாகக் கிடக்கும். சுத்தமான டிஸ்க்கில் தப்பித்துவிடும் பிழையெல்லாம் தம்பியிடம் வசமாக மாட்டும். "தம்பி எழுந்துட்டானா?" "தம்பி தொங்கிட்டான்." "அப்ப தம்பியக் கொன்னுடு." இயந்திரம் அசையாமல் நின்றால் தொங்குவது, அதைச் சட்டென்று நிறுத்தினால் கொல்வது என்றுதான் எங்கள் தொழிலில் சொல்வோம். நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் மதியம் கை கழுவும் இடத்தில் அக்கா என்னிடம் சொன்னாள். "அது நெஜமாவே என் தம்பியோட லேப்டாப்லேர்ந்து எடுத்தது."

அவள் தம்பி அச்சகம் ஒன்றில் டிசைனராக இருந்தவன். அக்காவை விட ரொம்பச் சின்னவன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் தூக்கி வளர்த்தாள். போன வருஷம் ஒரு மழை நாளில், வேலை முடிந்து பைக்கில் வரும்போது லாரியில் மோதிப் போய்விட்டான். போன் தூள்தூளாகிவிட்டது. லேப்டாப் மட்டும் அச்சகத்து மேஜையிலேயே மூடியபடி இருந்ததால் தப்பித்தது.

"அதப் போயி இங்க கொண்டுவந்து போட்டியே, உனக்குப் பைத்தியமா?" என்றேன்.

"வீட்ல வெச்சா என்னிக்காவது யாராவது அழிச்சிடுவாங்க. இங்க அடியில யாரும் எழுத மாட்டாங்க. இதவிடப் பத்திரமான எடம் எனக்குத் தெரியல."

அன்றிலிருந்து கொன்னுடு என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. சாயந்திரம் சர்வர் அறையைக் கடக்கும்போது நடையை எட்டிப் போடுவேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விசிறிகள் இரையும். தினமும் இந்த நேரத்துக்கு ஒருவன் உள்ளே கண் விழிக்கிறான், கண்ணைக் கசக்குவதற்குள் நாங்கள் நிறுத்திவிடுகிறோம் என்று தோன்றும். அறிவுக்கு அது முட்டாள்தனம் என்று தெரியும். பயம் அறிவைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

இப்படி இருக்கும்போது பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதிது போட்டார்கள். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் எல்லாச் சோதனைகளையும் அதற்கு மாற்றினார். அதிலிருந்து தம்பிக்கு மட்டும் கோளாறு. ஒருநாள் பச்சை, ஒருநாள் சிவப்பு, நடுவில் தொடர்ந்து இரண்டு நாள் பச்சை, மறுபடி சிவப்பு. எப்போதும் சிவப்பாக இருந்தால் பிடித்துவிடலாம். வந்து வந்து போகிறதே, அது ஆளைக் கொல்லும்.

ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் புரோகிராம் இயந்திரத்தின் திரையைப் படம் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் சரியான படத்தோடு ஒப்பிடும். ஒரு புள்ளி மாறினாலும் சிவப்பு. முன்பு ஒருமுறை எங்கள் மென்பொருள் டிஸ்க்கின் தப்பான பகுதியைப் படித்து, திரையில் பொட்டுப் பொட்டாகக் கறை விழுந்தது. இதுவும் அந்தக் கதைதான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராக டிஸ்க்கின் வயிற்றைக் கிழித்து எண்களைத் துழாவ ஆரம்பித்தாள். மென்பொருள் எழுதுகிறவர்களோடு சண்டை. "உங்க வேலை லட்சணம் இதான்" என்று அவளும், "உன் தம்பிதான் ஓட்டை" என்று அவர்களும். அவர்களுக்கு விஷயம் தெரியாது.

அக்காவின் வீட்டிலும் நிலைமை சரியில்லை. அம்மா ராத்திரியில் படுப்பதே இல்லை என்றாள் அக்கா. வாசல் பக்கமாகவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். படு என்றால், "கொஞ்ச நேரம் ஆகட்டும்" என்பாளாம். ஒருநாள் விடிகாலையில் வாசலிலேயே மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போட்டார்கள். இப்படியே தூங்காமல் இருந்தால் அடுத்த தடவை இதயம் தாங்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அம்மாவையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று அக்கா உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தாள்.

அந்த வாரத்தில் ஒரு காலையில் மறுபடி சிவப்பு. அக்கா இன்னும் வரவில்லை. அவளை வம்புக்கு இழுக்கலாம் என்று நான் படத்தைத் திறந்தேன். கறை எதுவும் இல்லை. வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி. மெசேஜ் வந்தால் எட்டிப் பார்க்குமே, அது. பெரிதாக்கினேன்.

மேலே அம்மா என்று இருந்தது. கீழே, "எடுத்து வெச்சிருக்கேன். கதவு தாப்பா போடல."

முந்தைய சிவப்பு நாட்களின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் அதே மூலை, அதே பெட்டி. "எங்கடா இருக்க கண்ணா." இன்னொன்றில், "அங்க குளிருதா?" பச்சை நாட்களின் படங்களில் பெட்டியே இல்லை. கோளாறு டிஸ்க்கில் இல்லை. முந்தின நாள் அம்மா எழுதியிருந்தால் சிவப்பு, எழுதாவிட்டால் பச்சை.

அக்கா வந்ததும் திரையை அவள் பக்கம் திருப்பினேன். பார்த்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றாள். பிறகு சர்வர் அண்ணனிடம் போனோம்.

"சோதனை மெஷினுக்கெல்லாம் நெட்வொர்க் மூடித்தானே இருக்கணும்?" என்று அக்கா கேட்டாள்.

"புதுசு மாத்தும்போது அப்டேட் எறக்கத் தொறந்தேன். மூட மறந்துட்டேன் போல. ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"இல்லண்ணா. நானே பாத்துக்கறேன்."

அக்கா இடத்துக்கு வந்து, தம்பியை எழுப்பி, நிறுத்தாமல் ஓடவிட்டு, முதன்முறையாக அவனுடைய மெசேஜ் பெட்டியைத் திறந்தாள். அவன் பேச்சைப் பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று அதுவரை தொட்டதில்லை அவள். கடைசியாக அவன் அடித்தது அங்கே இருந்தது. "லேட் ஆகும்மா. சாப்பாடு எடுத்து வை." அடித்து, அனுப்பு என்று தட்டிய கையோடு லேப்டாப்பை மூடியிருக்கிறான். மெசேஜ் வெளியே போவதற்குள் இயந்திரம் தூங்கிவிட்டது. இத்தனை நாளும் மூடிய நெட்வொர்க்குக்குள் எழுந்து எழுந்து அதை அனுப்பப் பார்த்துத் தோற்றிருக்கிறது. புதிய சர்வரில் வழி கிடைத்தது, அனுப்பிவிட்டது. அனுப்பியது பதிவானது மேல்தாளில்தான். அதை நாங்கள் தூக்கிப் போட்டுவிடுகிறோம். ஆகவே மறுநாள் எழுந்ததும், அனுப்பவில்லையே என்று மறுபடி அனுப்புகிறது. தினமும், விளக்கு வைக்கும் நேரத்துக்கு, செத்துப்போன பிள்ளையிடமிருந்து அம்மாவுக்கு ஒரே மெசேஜ்.

"இப்பவே மூடு" என்றேன்.

"மூடிட்டா திடீர்னு நின்னுடும். அதுக்கப்புறமும் அவ வாசல்லதான் ஒக்காருவா. சாகற வரைக்கும் ஒக்காருவா." பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் வீட்டுக்கு வரியா? தனியா என்னால சொல்ல முடியாது" என்றாள்.

போனேன். இரண்டாவது மாடியில் சின்ன வீடு. உள்ளே நுழைந்ததும் நாற்காலிதான் கண்ணில் பட்டது. அம்மா நெற்றியில் பிளாஸ்திரியோடு, "வாம்மா" என்று என்னை உட்காரச் சொன்னார். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, தம்பிகிட்டேர்ந்து உனக்கு மெசேஜ் வருதா?"

அம்மா கொஞ்சமும் திடுக்கிடவில்லை. போனை எடுத்து நீட்டினார். ஒரே வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக, விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"அவன் இல்லன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே மொகத்தப் பாத்தேன்" என்றார். "ஆனா சாயந்திரம் ஆனா கேக்கறானே. அவன் கேட்டா பதில் சொல்லாம எப்படி இருக்கறது? உங்கிட்ட சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ. அதான் சொல்லல."

அக்கா சொன்னாள். டிஸ்க், அடி, மேல்தாள், திறந்து கிடந்த நெட்வொர்க், எல்லாவற்றையும் சமையல் சொல்லிக் கொடுப்பது போல நிதானமாகச் சொன்னாள். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"அப்ப இது அன்னிக்கு எழுதினதா?"

"ஆமாம்மா."

"நான் போன் பண்றதுக்கு முன்னாடியே?"

எனக்கு விஷயம் தெரியும், அக்கா எப்போதோ சொல்லியிருந்தாள். அன்றைக்குப் பிள்ளையைக் காணோமே என்று அம்மா போன் செய்து, "சொல்லிட்டுப் போற பழக்கமே கெடையாதா, ஒடனே கெளம்பி வா" என்று சத்தம் போட்டிருக்கிறார். அவன் மழை நிற்கக் காத்திருக்காமல் பைக்கை எடுத்துவிட்டான். அந்த நினைப்பு அம்மாவை அரித்துக்கொண்டே இருந்தது. இந்த இடத்தில் அக்கா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பிறகுதான் எழுதினான் என்று சொன்னால் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் அவள் ஏன் இந்த வேலையில் இருக்கிறாள்.

"ஆமாம்மா. முன்னாடியே எழுதிட்டான். ஒனக்குத்தான் வந்து சேரல" என்றாள்.

எனக்கு அக்காவை அறையவேண்டும் போல இருந்தது. அம்மா போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். பிறகு அம்மாவே பேசினார்.

"தெனமும் எழுந்து இதத்தான் அனுப்பறானா?"

"ஆமா."

"நான் எழுதறது அவனுக்குப் போகுதா?"

"போகுது. ஆனா ஒடனே நிறுத்திடுவோம். மறுநாள் எதுவும் இருக்காது."

"அப்ப ஒவ்வொரு நாளும் அம்மாகிட்ட சொல்லலையேன்னு எழுந்திருக்கறான். சொன்னதும் நீங்க கொன்னுடறீங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "நாளைலேர்ந்து நெட்வொர்க்க மூடிடறேம்மா. ஒனக்கு வராது."

"எனக்கு வராது. அவனுக்கு?"

"எழுந்திருப்பான். அனுப்பப் பாப்பான். போகாது."

"வேண்டாம்" என்றார் அம்மா. "பதில் அவன்கிட்ட தங்கற மாதிரி பண்ண முடியுமா?"

முடியும். மேல்தாளில் இருப்பதை அடியோடு சேர்த்து ஒட்டிவிடலாம். ஒட்டிவிட்டால் அடி மாறிவிடும், திரும்ப எடுக்க முடியாது. அக்கா எதைச் செய்யாதே செய்யாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னாளோ அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவை ஆபீசுக்கு அழைத்து வந்தாள். நாங்கள் மூன்று பேர் மட்டும். வெயில் மேஜை மேல் விழுந்திருந்தது, அப்படியும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தபடிதான் இருந்தது. அக்காவின் நாற்காலியில் அம்மா, பக்கத்தில் நின்றபடி அக்கா.

"ஒரு காப்பியாவது எடுத்து வெச்சுக்கோ" என்றேன். அடியோடு ஒட்டும் அந்த வேலையில்தான் எங்கள் மென்பொருளில் ஓட்டை அதிகம். நடுவில் நின்றுபோனால் டிஸ்க் மொத்தமும் குப்பை, அவன் முகம் இருக்கிற படங்கள் உட்பட. அந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்தவளே இவள்.

"பழைய சர்வர்ல இருந்ததையும், வீட்ல லேப்டாப்புல இருந்ததையும் அழிச்சிட்டேன்" என்றாள். "காப்பி இருந்தா அதுக்குள்ள அவன் இன்னும் சொல்லாமலேயே இருப்பான்."

தம்பியை எழுப்பினாள். திரையில் அவனுடைய மேஜை வந்தது, பின்னால் மழையில் நனைந்த ஏதோ ஒரு பாலத்தின் படம். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கையில் போன் அதிர்ந்தது. "லேட் ஆகும்மா. சாப்பாடு எடுத்து வை." அம்மா அதை வாய்க்குள் ஒருமுறை படித்தார். பிறகு ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார். எங்களிடம் காட்டவில்லை. அனுப்பியதும் திரையில் வந்தது.

"சரி கண்ணா. மழை விடட்டும். மெதுவா வா."

அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாதான் அழவில்லை. "இது போதும். ஒட்டு" என்றார்.

அக்கா தம்பியைக் கொல்லவில்லை. முதன்முறையாக, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடி, அவன் தானே அணையும்வரை காத்திருந்தாள். பிறகு ஒட்டும் கட்டளையை அடித்தாள். திரையில் சதவீதம் ஏறியது. பாதியைத் தாண்டியதும் ஒரு இடத்தில் அசையாமல் நின்றது. அக்காவின் விரல் நகங்கள் வெளுத்துப் போயிருந்தன. சாமி நம்பிக்கை இல்லாத நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். மறுபடி நகர்ந்தது, முடிந்தது. டிஸ்க் முழுவதையும் சரிபார்த்தாள். பழுது ஒன்றும் இல்லை. அதன் பிறகு நெட்வொர்க்கை அவளே மூடினாள்.

அடி மாறியதால் சரியான படத்தையும் மாற்றவேண்டி வந்தது. மாற்றத்துக்கு ஒப்புதல் தரவேண்டியது நான். காரணம் எழுதும் இடத்தை அக்கா காலியாக விட்டிருந்தாள். எப்போதும் அதற்காகவே அடுத்தவர்களைக் கடித்துக் குதறுகிறவள். நான் ஒன்றும் கேட்காமல் ஒப்புதல் கொடுத்தேன். திங்கட்கிழமை சாயந்திரம் மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது சோதனைகள் ஆரம்பித்தன. சர்வர் அறையைக் கடக்கும்போது அன்று என் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா தாமதமாக வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தம்பி பச்சை என்று நான் சொன்னேன். அவள் திரையைப் பார்க்கவில்லை.

"நேத்து சாயந்திரம் அம்மா போனை மடியில வெச்சிட்டே ஒக்காந்திருந்தா" என்றாள். "நேரம் ஆச்சு. ஒண்ணும் வரல. இன்னும் கொஞ்சம் பாத்தா. அப்புறம் 'இனிமே வரமாட்டான் இல்ல'ன்னு என்னக் கேட்டா. ஆமாம்மான்னேன்."

"அப்புறம்?"

"அழுதா. அவன் போனதுலேர்ந்து இப்பத்தான் மொதத் தடவையா அழறா. ரெண்டு பேரும் அழுதோம். அழுதுகிட்டே தூங்கிட்டா. நான் கெளம்பும்போதும் தூங்கிட்டுதான் இருந்தா."